செருப்பு எண்ணுகிறவரின் மகனுக்கு

கதிர்,

போன வெள்ளிக்கிழமை நீ நம் வீட்டுச் சோபாவுக்கு எதிரே ஸ்டாண்டை விரித்து, அதன் மேல் கேமராவை மாட்டி, என்னை உட்காரச் சொன்னாய். "சும்மா ரெண்டு நிமிஷம் பேசுங்கப்பா. ஒரிஜினல் கேம்ப் பாஸ்னு டைட்டில் வச்சுப் போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்" என்றாய். கேமராவின் ஓரத்தில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. "இன்னும் ஆன் பண்ணலப்பா" என்று நீயாகவே சொன்னாய். ஆன் பண்ணாத பொருளில் விளக்கு எதற்கு? நான் கேட்காத கேள்விக்கு நீ ஏன் பதில் சொன்னாய்? எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். உள்ளே நீ அம்மாவிடம், "பாத்தீங்களா, இதுவே ஒரு எபிசோடு" என்று சிரித்தது கேட்டது. அம்மா சிரிக்கவில்லை. உன்னைக் கேம்ப்புக்கு வரக் கூடாது என்று நான் தடுத்த நாளிலிருந்து நம் இருவருக்கும் நடுவில் ஏதோ நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். அது என்ன என்று அவளிடமும் நான் சொன்னதில்லை.

இந்த வாரம் நீ வளைகுடாவை விட்டுச் சென்னைக்குப் போகிறாய். வேலையை விட்டாய், விசாவைக் கேன்சல் செய்தாய், இனி வீடியோதான் என் தொழில் என்கிறாய். கேமராவுக்கு முன்னால் பேச மறுத்ததை இங்கே எழுதுகிறேன். ஈமெயிலில் அனுப்பலாமே என்று கேட்பாய். ஈமெயில் யார் யார் கையைத் தாண்டி உன்னிடம் வருகிறது என்று உன்னால் சொல்ல முடியுமா? காகிதம் என்றால் என் கையிலிருந்து உன் கைக்கு வரும். விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிய பிறகு படி. அவர் உண்மையிலேயே தூங்குகிறாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்.

சிரிக்கிறாய். தெரியும். நான் சந்தேகப் பேர்வழி என்பது உனக்கு மட்டுமல்ல, உன் புண்ணியத்தில் முகம் தெரியாத ஆயிரம் பேருக்குத் தெரியும். பால் டப்பாவின் தேதியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது, கதவைத் திறக்கும் முன் ஓட்டை வழியாகப் பார்த்து, வந்தவர் யாரென்று தெரிந்த பிறகும் "யாரு?" என்று கேட்பது, டாக்ஸியில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்து வீட்டு வாசலைத் தவறவிட்டது, எல்லாவற்றையும் மேடை ஏற்றிவிட்டாய். உன் லேப்டாப்பின் தலையில் இருந்த சின்னக் கண்ணாடி என்னையே பார்க்கிறதே என்று அதன் மேல் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். மறு வாரமே நீ ஒரு ஹாலில், "எங்க வீட்டு லேப்டாப் மட்டும் சுமங்கலி" என்று சொல்லிக் கைதட்டு வாங்கினாய். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. சொன்ன விதம் நன்றாக இருந்தது. ஆனால் நீ பிய்த்தெடுக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பொட்டை நான் மறுபடியும் ஒட்டிவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் நீ மேடையில் சொன்னதில்லை. சந்தேகப்படுவது எனக்குச் சம்பளம் வாங்கித் தருகிற வேலை. சோனாப்பூரில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஆட்கள் தங்குகிற கேம்ப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். அறைக்குள் அடுப்பு வைத்திருக்கிறானா, ஒரே பிளக்கில் மூன்று ஒயர் சொருகியிருக்கிறானா, வெளி ஆள் யாராவது வந்து படுக்கிறானா என்று பார்ப்பவன்தான் கேம்ப் பாஸ். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய குற்றம். அறைக்குள் செருப்புப் போட்டு யாரும் போவதில்லை. வராந்தாவில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் நுழைவார்கள். அதனால் கதவைத் தட்டி யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. எட்டுக் கட்டில் போட்ட அறை என்றால் வாசலில் எட்டு ஜோடி. நடந்துகொண்டே எண்ணிவிடலாம். வந்த புதிதில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன் என்பதில் ஒரு காலத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

சின்ன வயதிலிருந்தே வெள்ளிக்கிழமைகளில் என்னோடு கேம்ப்புக்கு வருவாய். நம் முவைலா வீட்டில் உனக்குப் பேச ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், டியூஷனில் ஹிந்தி. தமிழில் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வது எப்படி என்று நீ படித்தது சோனாப்பூரில்தான். துணி துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, முடி வெட்டிக்கொண்டு, ஊருக்குப் போன் பேசிக்கொண்டு இருக்கிற அந்த ஆட்கள் நடுவில் நீ உட்கார்ந்து, அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். நான் ஆபீஸ் அறையில் சாவிக் கொத்தைச் சரி பார்க்கிற நேரத்தில் நீ, எட்டு ஆட்கள் தங்குகிற சின்னையாவின் அறையில் இருப்பாய். உன் முதல் ஜோக்குகள் எல்லாம் அந்த அறைச் சரக்கு என்பதை நீயும் மறுக்க மாட்டாய்.

நீ முதன்முதலில் முழு நிகழ்ச்சி செய்த நாள் நினைவிருக்கிறதா? தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா, பள்ளிக்கூட ஆடிட்டோரியம். அதுவரை மிமிக்ரி செய்துகொண்டிருந்தவன், அன்று உன் சொந்தக் குரலில், மைக்கைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று பேசினாய். அம்மா முன்வரிசையில். நான் கடைசி வரிசையில், கதவோரம். நிகழ்ச்சி முடிந்ததும், "நீங்க என் மூஞ்சியையே பாக்கலப்பா, ஜனங்களையே பாத்துக்கிட்டிருந்தீங்க" என்று குறைப்பட்டாய். ஆமாம். யார் சிரிக்கிறார்கள், யார் சிரிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தேராவில் கடை வைத்திருக்கிற கீழக்கரைப் பாய் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த விழாவுக்கே அவர் செலவில்தான் பந்தல், சாப்பாடு எல்லாம். நீ கடைக்காரர்கள் பேரம் பேசுவதைப் பற்றி ஆரம்பித்தாய். இரண்டாவது வரியிலேயே அவர் தோள் விறைத்தது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. அதற்குள் நீ பேச்சைத் திருப்பி, "ஆனா அந்தக் கடையில ஏமாந்தது எங்கப்பா இல்ல, கடைக்காரர்தான்" என்று என் தலையில் போட்டாய். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். எழுந்து வந்து உன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உன்னிடம் திறமை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது நீ சிரிக்க வைத்ததால் அல்ல. ஒரு மனிதரின் தோளைப் பார்த்து வார்த்தையை மாற்றினாயே, அதனால்தான். எனக்கு அன்று அவ்வளவு பெருமையாக இருந்தது.

பிறகு நீ வளர்ந்தாய். பதினெட்டு தாண்டி, படிப்பும் முடிந்த ஆண் பிள்ளையை அப்பாவின் விசாவில் வைத்திருக்க இந்த ஊர் விடாது. பெண்ணாக இருந்தால் கல்யாணம் வரை விடும். நீ வளர்ந்த ஊரில் நீ இருப்பதற்கே யாராவது ஒரு கம்பெனி உன்னை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். படித்து முடித்துக் கணக்குப் பிரிவில் சேர்ந்தாய். கராமாவில் ரெஸ்டாரண்ட் மாடிகளில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்குப் போக லீவு கிடைக்கவில்லை. மேடை குறைந்தது. அப்போதுதான் உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போர்வையைச் சுவரில் தொங்கவிட்டு, லேப்டாப்பைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாய். எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. எதிரில் ஆள் இல்லாமல் ஒருவன் தனியாகப் பேசிச் சிரிக்கிறான் என்றால் எந்தத் தகப்பனுக்கும் என்ன தோன்றும்? அம்மாதான், "நெட்டுல போடுறானாம், உலகம் பூரா பாக்குதாம்" என்று சொன்னாள். உலகம் பூரா என்றால் யார் யார் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. உன்னிடம் கேட்டேன். எண்ணிக்கையைக் காட்டினாய். எண்ணிக்கை எனக்குப் புரிகிறது, ஆட்கள் யார் என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாதுப்பா. யாரோ. ஜாலியா பாக்குறாங்க" என்றாய்.

இனிமேல்தான் நான் சொல்லாததைச் சொல்லப் போகிறேன்.

சின்னையாவின் தம்பி பாண்டியை உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று நீ நினைத்தாய். அவனும் அப்படித்தான் நினைத்தான். அவன் வேறு கம்பெனிக்கு வந்தவன். சம்பளமே வராமல், கேட்டதற்கு அடி விழுந்து, அங்கிருந்து ஓடி வந்தவன். பாஸ்போர்ட், அவனுக்கு விசா கொடுத்த முதலாளி, அந்தக் கஃபீல் கையில். இவன் ஓடிவிட்டான் என்று அந்த ஆள் எழுதிக் கொடுத்துவிட்டான். இப்படிக் காகிதம் இல்லாமல் திரிகிறவர்களை இங்கே கல்லிவல்லி என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பிடிபட்டால் அவனுக்கு ஜெயில். அவனுக்கு இடம் கொடுத்த அண்ணனுக்கும் ஜெயில். தெரிந்தும் சொல்லாத கேம்ப் பாஸுக்கும் அதேதான். கேம்ப் பாஸ் குடும்பத்தோடு இருந்தால், குடும்பம் அடுத்த விமானத்தில் ஊருக்கு. நான் ஏன் எதற்கெடுத்தாலும் பயந்தேன் என்று இப்போது கணக்குப் போட்டுக்கொள்.

அவன் இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்றுதானே? வாசலில் எட்டு ஜோடிதான் இருந்தது. செருப்பில் அவர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்கள். ஆனால் அந்த அறையை ஒவ்வொரு சாயங்காலமும் தாண்டிப் போவேன். உள்ளே ஒருவன் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பான், எட்டுப் பேர் சிரிப்பார்கள். யார் சிரிப்பு எது என்று எனக்குத் தெரியும். சின்னையா இருமிக்கொண்டே சிரிப்பான். முத்தையா மூக்கால் சிரிப்பான். எட்டும் கேட்கும். எட்டுப் பேர் தங்குகிற அறையில் எட்டுப் பேரும் சிரிக்கிறார்கள் என்றால், பேசுகிறவன் யார்?

நான் கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சொல்லியாக வேண்டும். அதனால் செருப்பை எண்ணிவிட்டு, எட்டு என்று எழுதிக்கொண்டு நடந்துவிடுவேன். இரண்டு வருஷம் இப்படி நடந்தேன். என்னைக் கருணையுள்ளவன் என்று எண்ணிவிடாதே. ஒவ்வொரு நாளும் அந்த அறைக்காரர்களைத் திட்டிக்கொண்டுதான் நடந்தேன். நீ வெள்ளிக்கிழமை அந்த அறைக்குப் போகிறாய் என்பதும் எனக்கு உதறல்தான். ஆனால் நீ அங்கிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வருவாய். எனக்குத் தடுக்கவும் மனம் வரவில்லை.

பாண்டி சிரிப்பாகச் சொல்லித்தான் உனக்கு அந்த விஷயம் தெரிந்திருக்கும். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பாஸ்மதி அரிசிச் சாக்கு, அதற்குள் அவன் செருப்பு. கட்டிலைச் சுற்றிப் பெட்ஷீட், அதற்குக் கீழே அவன். நீ அதை வீடியோவில் சொன்னாய். வராந்தாவில் கேம்ப் பாஸ் நடந்து வருகிறார், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுகிறார், நடுவில் போன் வருகிறது, மறுபடியும் முதலிலிருந்து எண்ணுகிறார். என் நடை, என் கனைப்பு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிற விதம்கூட அப்படியே இருந்தது. கடைசியில், "அவரு வாழ்க்கை பூரா வெளியே எண்ணிக்கிட்டே இருப்பாரு. ஒம்பதாவது செருப்பு உள்ள அரிசிச் சாக்குல தூங்கிக்கிட்டே இருக்கும்" என்று முடித்தாய். பெயர் சொல்லவில்லை, கம்பெனி சொல்லவில்லை, இடம் சொல்லவில்லை. யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் நினைத்திருப்பாய். நெட்டில் இருந்ததை யாரோ இறக்கி, ப்ளூடூத்தில் போனுக்குப் போன் தள்ளி, ஒரே வாரத்தில் கேம்ப் பூராவும் பரவியது. நான் வந்தால் பேச்சு நிற்கிறது, போனால் சிரிப்பு கேட்கிறது. ஸ்டிரைக்குக்குத் திட்டம் போடுகிறார்களோ என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஹெட் ஆபீஸுக்கு ஏதோ கையெழுத்துக்காகப் போனேன். அட்மின் மேனேஜர், நம் ஊர்ப் பக்கத்துக்காரர்தான், "வாங்க வாங்க, உங்க பையன் பிரமாதம்!" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். தன் கம்ப்யூட்டரில் உன் வீடியோவை ஓட்டினார். அப்போதுதான் நான் அதை முதன்முதலில் பார்த்தேன். அவர் என் நடைக்குச் சிரித்தார். கனைப்புக்குச் சிரித்தார். போன் வந்து எண்ணிக்கை விட்டுப்போனதற்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அரிசிச் சாக்கு வந்தது. சிரிக்கவில்லை. கொஞ்சம் பின்னால் தள்ளி, அந்த இடத்தை மட்டும் மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். பிறகு டீ சொன்னார். பேச்சோடு பேச்சாக, "நாளைக்குக் காலையில கேம்ப் பக்கம் வரலாம்னு இருக்கேன். தண்ணி டேங்க்கெல்லாம் பாத்து நாளாச்சு" என்றார். கதிர், அந்த மனிதர் என்றைக்குமே தண்ணீர் டேங்க்கைப் பார்த்ததில்லை.

உன் வீடியோவுக்குக் கீழே ஓடுகிற எண்ணில் அவரும் இருக்கிறார். இரண்டு தடவை பார்த்ததால் இரண்டாக இருக்கிறார். நீ அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாய்.

கேம்ப்புக்குத் திரும்பி வந்தேன். டியூட்டி முடிந்து பஸ்கள் வந்து நின்றுகொண்டிருந்தன. நான் என்ன செய்ய முடியும்? தம்பியை அனுப்பிவிடு என்று சின்னையாவிடம் சொன்னால், இத்தனை நாளும் தெரியும் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். நாளை யாராவது விசாரித்தால் அவன் வாயில் என் பெயர் வரும். ஸ்டோருக்குப் போய் சைட்டில் போடுகிற கவரால் உடுப்பு ஒன்று, ஒரு ஹெல்மெட், ஒரு ஜோடி சேஃப்டி ஷூ எடுத்தேன். குழாயடியில் சோப்பும் கையுமாக நின்ற சின்னையாவைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு சைட்டுக்கு ஒரு ஆள் கூட வேணுமாம். இந்தா. எட்டாம் நம்பர் ஷூ. யார் காலுக்குச் சரியா இருக்குமோ குடு" என்றேன்.

அவன் ஷூவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "எட்டாம் நம்பருங்களாண்ணே?"

"ஆமா."

"காலையில பஸ்ஸுலயாண்ணே?"

"பஸ்ஸுலதான். நான்தான் நின்னு எண்ணுவேன்."

"சரிங்கண்ணே" என்றான். முகத்தில் இருந்த சோப்பைக் கழுவப் போனவன், ரொம்ப நேரம் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலையில் பட்டாணிய டிரைவர், "யல்லா, யல்லா, ஜல்தி கரோ பாய்" என்று அவசரப்படுத்திக் கத்திக்கொண்டிருக்க, எல்லோரும் சாப்பாட்டு டப்பாவோடு ஏறினார்கள். நான் படியருகில் நின்று தலைகளை எண்ணினேன். ஹெல்மெட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவன் என்னைத் தாண்டி ஏறினான். அவ்வளவு பயத்திலும் அவன், "குட் மார்னிங் சார்" என்று ஃபோர்மேன் குரலில் சொல்லிவிட்டுப் போனான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்ணிக்கை சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

அட்மின் மேனேஜர் வந்தார். டேங்க் இருந்த பக்கமே திரும்பவில்லை. இரண்டு செக்யூரிட்டியோடு வரிசையாக அறைக் கதவுகளைத் திறந்து, ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் பார்த்துக்கொண்டு வந்தார். சின்னையா அறையில் ஆணியும் இருந்தது, சாக்கும் இருந்தது. ஷூ போட்டுக்கொண்டு போனவன் செருப்பை எடுத்துப் போக மறந்துவிட்டான். மேனேஜர் சாக்கைக் கவிழ்த்தார். இரண்டு ரப்பர் செருப்பு தரையில் விழுந்தது. குதிகால் தேய்ந்து, ஒன்றில் வார் அறுந்து கம்பியால் கட்டியிருந்தது. "இது யாரோடது?" என்றார்.

அந்த அறையில் நீ உட்கார்ந்திருந்த இடம் கண்ணில் பட்டது. வாய் தானாகப் பேசியது. "நம்ம பையனோடது சார். அடுத்த வீடியோ இங்கயே எடுக்கணும்னான். ஷூட்டிங்குக்குன்னு கொண்டாந்து வச்சிருக்கான். நான்தான் விட்டுட்டேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினேன். தெரிந்தே செய்தேன், உன் வீடியோவில் வருகிற மாதிரி. அவர் உதட்டோரம் அசைந்தது. "கேம்ப்புக்குள்ள கேமராவா? வெளியே பேப்பர்ல கேம்ப்போட படம் வந்ததுலேர்ந்து எவ்வளவு கெடுபிடின்னு தெரியாதா உங்களுக்கு?" என்று சத்தம் போட்டார். மெமோ கொடுத்தார். போகும்போது செக்யூரிட்டியிடம், "இவருக்கு எண்ணவே வராதுன்னு பையனே சொல்றான், இவரு எங்க ஆளப் புடிக்கிறது" என்று சொல்லிச் சிரித்தார். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். "கணக்குல நான் பள்ளிக்கூடத்துலேர்ந்தே வீக் சார்" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமைதான் உன்னை வர வேண்டாம் என்றேன். "ஏன்ப்பா, என்னை வச்சு உங்களுக்கு அசிங்கமா இருக்கா?" என்று கேட்டாய். தன்னைக் கேலி செய்தவனைத் தண்டிக்கிற அப்பா என்று நினைத்தாய். இல்லை கதிர். நீ கேமராவோடு அந்த வாசலில் நின்றால், என் பொய்யை நிஜமாக்கி மாட்டிக்கொள்வோம். கேமரா இல்லாமல் வந்தால், பாண்டி எங்கே என்று வாய்விட்டுக் கேட்பாய். இரண்டில் எதற்கும் எனக்குத் தைரியம் இல்லை.

பாண்டி உன்னிடம் சொல்லாமலே ஊருக்குப் போய்விட்டான் என்று வருத்தப்பட்டாயே. சைட்டில் இறங்கியவனால் அதன் பிறகு எங்கும் தங்க முடியவில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் ஊர் திரும்ப இந்திய கான்சுலேட்டில் அவுட்பாஸுக்கு எழுதிக் கொடுத்து, இங்கே சில நாள் உள்ளே இருந்து, கைரேகை வைத்துவிட்டுப் போனான். இனி இந்த நாட்டுக்குள் அவன் கால் வைக்க முடியாது. வந்தவன் எதற்காக வந்தானோ அதில் எதுவும் முடியவில்லை. நம் கம்பெனி ஷூவோடுதான் விமானம் ஏறினான் என்று சின்னையா சொன்னான். போகும் முன் அண்ணனிடம் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தான். "பாஸ் பையன்கிட்ட மட்டும் சொல்ல வேணாம்னு சொல்லுண்ணே. தெரிஞ்சா அதுக்கப்புறம் அவனுக்கு ஜோக்கு வராது." அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டுத்தான் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவன் பேச்சை மீறி இன்று எழுதுவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவரை உனக்கு இது பொழுதுபோக்கு. இனி இதுதான் சோறு. வாரத்துக்கு ஒன்று வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் போகிறாய். வாரத்துக்கு ஒரு ஜோக்குக்கு நீ எங்கே போவாய்? உன்னிடம் நம்பிச் சிரித்தவர்களிடம்தான் போவாய்.

அந்தச் சென்னைக் கம்பெனியையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒப்பந்தத்தை மேஜையில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனாய், படித்துவிட்டேன். "கேம்ப் பாஸ் கதாபாத்திரத்தின் உரிமை நிறுவனத்தைச் சேரும்" என்று ஒரு வரி இருக்கிறது. கதாபாத்திரம் நான்தானே? என்னை யாருக்கு எழுதிக் கொடுக்கிறாய்? "உண்மைச் சம்பவங்களுக்கு முன்னுரிமை" என்று இன்னொரு வரி. உண்மைச் சம்பவம் இவர்களுக்கு எதற்கு? சிரிக்க வைக்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பொய்ச் சம்பவம் போதாதா? கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டு வரியையும் அடிக்கச் சொல். அடிக்க மாட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் எழுந்து வந்துவிடு. கோபமாகச் சொன்னால் பரவாயில்லை, பேசிப் பார்க்கலாம்.

மேடையில் நிற்கும்போது உனக்கு முன்னால் தோள்கள் இருந்தன. இப்போது ஒரு கண்ணாடிதான் இருக்கிறது. அதன் அந்தப் பக்கம் கீழக்கரைப் பாய் இருக்கலாம், அட்மின் மேனேஜர் இருக்கலாம், பாண்டியைத் தேடுகிற கஃபீலின் ஆளும் இருக்கலாம். எல்லோரும் ரசிகர்கள் என்று உன் இயந்திரம் சொல்லும். நம்பாதே. ஒவ்வொரு தடவையும் அதன் முன் உட்காரும்போது, சிரிக்காமல் பின்னால் தள்ளி ஓட்டிப் பார்க்கிற ஒருவர் அங்கே இருக்கிறார் என்று நினைத்துக்கொள். பிழைப்புக்காக ஒருவன் ஒளித்து வைத்திருப்பதைச் சிரித்துக்கொண்டே உன்னிடம் காட்டினால், நீயும் சிரித்துவிட்டு மறந்துவிடு. மற்றதெல்லாம் உன் இஷ்டம். என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். பால் டப்பா, மீட்டர், பொட்டு, எல்லாம் உனக்குத்தான்.

இதைப் படித்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். எங்கப்பாவைத் தப்பாகக் காட்டிவிட்டேனே, அடுத்த வீடியோவில் அவரைப் பெரிய மனிதராக்கிவிடுகிறேன் என்று கிளம்புவாய். உருக்கமாக ஒரு வீடியோ, பின்னணியில் புல்லாங்குழல். அதைச் செய்யாதே. அரிசிச் சாக்கு வருகிற வீடியோவை மட்டும் எடுத்துவிடு. அந்தக் கேம்ப் பாஸ் அப்படியே இருக்கட்டும். போன் வந்தால் எண்ணிக்கையை விட்டுவிடட்டும், ஆறுக்குப் பிறகு எட்டு சொல்லட்டும், சொந்த விரலையே தப்பாக எண்ணட்டும். அவன் எவ்வளவு பெரிய முட்டாளோ அவ்வளவு நல்லது. படித்து முடித்ததும் இந்தக் காகிதத்தைக் கிழித்து, ஒரே குப்பைத் தொட்டியில் போடாமல் இரண்டு மூன்று இடத்தில் போடு.

நான் இன்னும் டியூட்டியில்தான் இருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் சின்னையாவின் அறையைத் தாண்டிப் போனேன். உள்ளே யாரோ ஒருவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், புதுக் குரல். சின்னையா இருமிக்கொண்டே சிரித்தான். முத்தையா மூக்கால் சிரித்தான். வாசலில் நின்று கேட்டேன். எட்டுச் சிரிப்பும் இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து செருப்புகளை எண்ணினேன். எட்டு ஜோடி. கணக்கு சரியாக இருந்தது.

உன் அப்பா